குகை வண்டி வேடிக்கை: வாயால் சொன்னால் சிரிக்கிறார்கள், எழுதினால் சிரிப்பதில்லை

தறிவீட்டுப் பொண்ணு (சேலம், குகை):

எல்லோருக்கும் வணக்கம். என் சிறுவயது நாட்களை எழுதிக்கொண்டிருக்கிறேன். விடிந்தது முதல் தறிச் சத்தம், ஆடி பிறந்தால் மாரியம்மன் பண்டிகை, அதில் சாமி வேடம் போட்டவர்கள் அலங்கரித்த வண்டிகளில் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கை, இப்படி வளர்ந்த வீடு. பேச்சோடு பேச்சாக இதையெல்லாம் சொன்னால் வீட்டில் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். அதையே எழுதிக் கொடுத்தால் "நல்லா இருக்கு" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு பத்தியைப் போடுகிறேன், என்ன குறை என்று சொல்லுங்கள்.

"எங்கள் சித்தப்பா அந்த வருடம் வண்டி வேடிக்கையில் சிவன் வேடம் போட்டார். மாட்டு வண்டி கிளம்பத் தாமதமானதால் பசி பொறுக்காமல் வேடத்தோடு போய்த் தட்டுவடை செட் வாங்கிச் சாப்பிட்டார். பார்க்க மிகவும் தமாஷாக இருந்தது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்."

நடந்தது அத்தனையும் உண்மை. அப்போது எனக்கு ஆறு வயது.

மலைக்காற்று (ஏற்காடு):

சகோதரி, சிரிப்புக்கு வேண்டிய சரக்கு எல்லாம் உங்கள் பத்தியில் இருக்கிறது. வரிசைதான் கெடுக்கிறது. எடுத்த எடுப்பிலேயே "எங்கள் சித்தப்பா" என்று சொல்லிவிட்டீர்கள். அதற்கப்புறம் அந்தத் தெருவில் சிவன் இல்லை, சாயம் பூசிய சித்தப்பாதான் நிற்கிறார். சித்தப்பா தட்டுவடை தின்றால் யாருக்கு என்ன? சிவன் தின்றால்தான் சேதி!

ஆறு வயதில் உங்கள் கண்ணில் முதலில் பட்டது யார்? சிவன் என்றால் சிவன் என்றே எழுதுங்கள். "சிவபெருமான் வண்டியை விட்டு இறங்கினார். புலித்தோலை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, 'காரச் சட்னி கொஞ்சம் தூக்கலா வைங்க' என்றார்." படிப்பவருக்கு உண்மை தெரிந்துவிடும், குழந்தைக்குத் தெரியாது. சிரிப்பு அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. நீங்கள் நடுவில் புகுந்து விளக்கினால் இடைவெளி மூடிக்கொள்ளும்.

என் தங்கை கதை ஒன்று சொல்கிறேன். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை இருக்கும். ஐந்து வயதில் அவளுக்கு அந்தப் பலகை, பஸ்ஸில் அதுவரை எத்தனை பேர் வாந்தி எடுக்க வேண்டும் என்ற கணக்கு. எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே எல்லோர் முகத்தையும் பார்த்து எண்ணிக்கொண்டு வந்தாள். இருபதாவது வளைவு வந்தபோது ஒரு ஆள் குறைந்தது. திரும்பிப் பாட்டியைப் பார்த்து, "பாட்டி, நீதான் பாக்கி" என்றாள். இதில் குழந்தை கிறுக்குத்தனமாக எதுவும் செய்யவில்லை. தனக்குத் தெரிந்த நியாயப்படி கடைசிவரை கறாராக நடந்துகொள்கிறது. அந்த நியாயத்தை நாமும் மதித்து எழுதினால் போதும்.

உங்கள் கடைசி இரண்டு வாக்கியங்களை எடுத்துவிடுங்கள். நீங்களே சிரித்துவிட்டால் படிப்பவருக்கு வேலை இல்லை. அந்த இடத்தில் தட்டுவடை செட்டை நன்றாகக் காட்டுங்கள்: இரண்டு தட்டுவடை, நடுவில் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம். நீலம் பூசிய உதட்டில் பீட்ரூட் சாறு வழிந்ததா? அதைத்தான் நான் படிக்க ஆசைப்படுகிறேன்.

இன்னொன்று: அது சித்தப்பா என்று உங்களுக்கு எப்போது, எதைப் பார்த்துத் தெரிந்தது?

சூரமங்கலம் வாசகர்:

மேலே சொன்னது சரிதான், ஆனால் அளவோடு. எல்லா இடத்திலும் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்கிற குழந்தையாக நின்றால் பத்துப் பக்கத்தில் சலித்துவிடும். ஆறு வயதுக் குழந்தைக்குப் பெரியவர்களைப் பற்றி நிறையவே தெரியும். வீட்டில் காசு இல்லை, அம்மா கோபமாக இருக்கிறாள், சித்தப்பா காலையிலிருந்து சாப்பிடவில்லை, எல்லாம் தெரியும். அதை மறைத்தால் பொய்யாகிவிடும்.

பசித்த மனிதரைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பதும் மனதில் இருக்கட்டும். சிரிப்பு அவர் பசியின் மேல் விழக்கூடாது. அப்புறம், பேச்சை மட்டும் குகைத் தெருவில் பேசுகிற மாதிரியே வையுங்கள். "கண்ணு" என்று கூப்பிட்டிருப்பார் அல்லவா? அதை "குழந்தாய்" ஆக்கிவிடாதீர்கள்.

தறிவீட்டுப் பொண்ணு:

ரொம்ப நன்றி. கேட்ட பிறகுதான் அது ஞாபகத்துக்கு வந்தது. முகம், சடை, கழுத்துப் பாம்பு எல்லாம் சிவன்தான், நான் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். செட்டைத் தின்று முடித்ததும் அவர் மாலையில் ஒரு நூல் அறுந்து தொங்கியது. விரலை நாக்கில் தொட்டு, இரண்டு முனையையும் சேர்த்து ஒரே முறுக்கில் பிணைத்தார். தறியில் இழை அறுந்தால் சித்தப்பா செய்வது அதேதான். அப்போதுதான் "சித்தப்பா!" என்று கத்தினேன். அவர் பதறிப்போய், "கத்தாத கண்ணு, சாமி கோச்சுக்கும்" என்றார்.

மலைக்காற்று:

இதை வைத்துக்கொண்டா சிரிப்பு வரவில்லை என்றீர்கள்! சூரமங்கலத்து நண்பர் சொன்னதையும் ஏற்கிறேன். இங்கே அவர் பசியைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள், அந்த விரல்களைக் கும்பிடத்தான் தோன்றும்.

நம்ம ஊர்க்காரர் ஒருவர் வரும் இடத்தையும் படித்துப் பாருங்கள். உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில், 1880இல் கும்பகோணத்தில் முனிசீபாக (நீதிபதியாக) இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்ததை எழுதியிருக்கிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் அசைந்து கொடுக்கவில்லை. அந்தப் பட்டியல் நீள நீள நமக்குச் சிரிப்பும் வருகிறது, அந்த இளைஞர் மேல் பரிவும் வருகிறது. ஏறக்குறைய அறுபது வருடம் கழித்து எழுதும்போதும் அவர் அந்த இளைஞரைக் கேலி செய்யவில்லை. அன்றைய பெருமிதத்தை அப்படியே வைத்துவிட்டு, முதலியாரின் சின்னச் சின்னக் கேள்விகளை எதிரே நிறுத்துகிறார்.

நீங்களும் "சாமி கோச்சுக்கும்" என்பதோடு பத்தியை முடித்துவிடுங்கள், அடுத்ததை வண்டி கிளம்புவதில் தொடங்கலாம். பார்வதி வேடம் யார் போட்டது? அவரும் காலையிலிருந்து பட்டினிதானே, அவருக்கு யாராவது செட் வாங்கிக் கொடுத்தார்களா?