2020-இல் சீசன் நடந்ததா, இல்லையா?

பக்கவாத்தியம்:
சென்னையின் கலை வாழ்க்கை பற்றி, அதிலும் மார்கழியில் சபாக்கள் (கச்சேரி நடத்தும் சங்கங்கள்) நடத்தும் டிசம்பர் சீசன் பற்றி, நேற்று இங்கே ஓடிய பேச்சில் மூன்றாம்வரிசை எழுதியது இது: "வெள்ளம் வந்தது, புயல் வந்தது, கொரோனா வந்தது. டிசம்பர் சீசன் நிற்கவில்லை. 2020-இலும் நடந்தது. சபாக்கள் இருக்கும்வரை இந்த நகரத்தின் கலைக்குச் சாவில்லை." அதற்குப் பலர் கைதட்டியும் வைத்திருக்கிறார்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

வெள்ளம், புயல், ஒத்துக்கொள்கிறேன். 2015 டிசம்பர் முதல் வாரம் ஊரே தண்ணீரில் கிடந்தது, அதே மாதம் அரங்குகள் திறந்தன. 2016-இல் 12-ஆம் தேதி வர்தா, தெருவெல்லாம் மரம் விழுந்து கிடந்தது, அப்போதும் கச்சேரிக்கு ஆள் வந்தார்கள். 2020-இல் சீசன் நடக்கவில்லை. கேமரா முன்னால் ரெக்கார்டிங் நடந்தது, அவ்வளவுதான்.

நான் மிருதங்கம் வாசிப்பவன். அந்த வருஷம் ஒரு சபாவுக்காக வாசித்தேன், பெயர் வேண்டாம். பாடகர் நடுவில், வயலின் ஒரு மூலையில், நான் இன்னொரு மூலையில். முதல் உருப்படியான வர்ணம் முடிந்ததும் கை தன்னால் மடியில் வந்து உட்கார்ந்தது. கைதட்டல் ஓயட்டும் என்று காத்திருப்போமே, அந்தப் பழக்கம். காலி நாற்காலிகளுக்கு நடுவிலிருந்து கேமராக்காரர், "அடுத்தது போகலாம் சார்" என்றார். தனிக்கு, அதாவது பாட்டை நிறுத்திவிட்டு மிருதங்கம் மட்டும் வாசிக்கும் பகுதிக்கு, நாலு நிமிஷம் கொடுத்தார்கள். சன்மானம் வழக்கத்தில் பாதி, அதுவும் பங்குனியில் வந்தது. இதற்குப் பெயர் சீசனா?

மூன்றாம்வரிசை:
என் பெயரைச் சொல்லி ஆரம்பித்ததால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 2020-இல் சீசன் நடந்தது. டிக்கெட் வாங்கினேன், கேட்டேன், ரசீது என் மெயிலில் இருக்கிறது. மியூசிக் அகாடமி ஆன்லைனில் விழா நடத்தியது. நகரத்து சபாக்கள் பல கைகோத்துத் தனியாக ஒன்று நடத்தின.

வரலாறு தெரிந்தவர்கள் இதற்கு ஆச்சரியப்பட மாட்டார்கள். ராஜாக்களும் ஜமீன்களும் கைவிட்ட பிறகு வித்வான்களுக்குச் சோறு போட்டது இந்த சபாக்கள்தான். 1900-இல் திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி சுவாமி சபா, 1927 காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டிலிருந்து 1928-இல் அகாடமி. மைக் வந்தது, குரலை ஓங்கிப் பாட வேண்டிய அவசியம் போனது. பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் கச்சேரியின் அமைப்பையே மாற்றினார். அன்றைக்கும் "இது கச்சேரியே இல்லை" என்று புலம்பியவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது இங்கே எழுதுகிறார்கள் போலும்.

பக்கவாத்தியம்:
ரசீது இருந்தால் சீசன் நடந்ததாகிவிடுமா சார்? அந்த டிசம்பரில் யார் யார் இல்லை என்று சொல்லட்டுமா? வழக்கமாக சவுண்ட் பார்ப்பவர் இல்லை. கேன்டீனில் இலை போடுகிற பையன்கள் இல்லை. வாசலில் பாட்டுப் புத்தகம் பரப்பி வைப்பவர் இல்லை. ராத்திரி ஒன்பதரைக்கு வரிசையில் நிற்கும் ஆட்டோக்காரர்கள் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, மதிய ஸ்லாட் பிள்ளைகள். பன்னிரண்டு மணிக்கும் ஒன்றரை மணிக்கும் பாதி காலி அரங்கில் பாடித்தான் ஒவ்வொரு வித்வானும் மேலே வந்திருக்கிறார். ஆன்லைனில் சபாக்கள் யாரை வைத்தன? பெயரைச் சொன்னால் டிக்கெட் விற்கும் ஆட்களைத்தான் பெரும்பாலும் வைத்தன. என் சீடன் அந்த வருஷம்தான் முதல் மேடை ஏறியிருக்க வேண்டியவன். அவனுக்கு 2020 டிசம்பர் நடக்கவில்லை.

பாளையங்கோட்டைவாசி:
பக்கவாத்தியம் சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்களுக்கு 2020-இல்தான் சீசன் நடந்தது. அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் பேப்பரில் படித்த செய்தி.

அப்பாவுக்கு நடக்க முடியாது. வாழ்க்கை முழுக்க டிசம்பர் ஆனால் விமர்சனப் பக்கத்தை வெட்டி வைப்பார். அந்த வருஷம் டிவியில் போனை இணைத்துக் கொடுத்தேன். தோடி ஆலாபனை முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு கட்டிலில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். ரயில் டிக்கெட், தங்குமிடம், அரங்கில் படியேற ஆள் என்று எதுவும் தேவைப்படவில்லை. நகரத்தின் கலை தாக்குப்பிடிக்கிறது என்றால் நகரத்துக்கு வெளியே இருப்பவர்களும் கணக்கில் வர வேண்டாமா?

பக்கவாத்தியம்:
மேடம், உங்கள் அப்பா கேட்டதில் எனக்கும் சந்தோஷம். ஆனால் அவர் தாளம் போட்டது எனக்குத் தெரியவில்லையே! எனக்குத் தெரிந்திருந்தால் அந்த இடத்தில் வாசிப்பே வேறு மாதிரி போயிருக்கும். அவர் கேட்டது, ஆள் இல்லாத அரங்கில் முன்னமே பிடித்து வைத்த பதிவு. சீசன் நடக்கவில்லை என்பதற்கு உங்கள் வீட்டுக் கட்டிலே சாட்சி.

பாளையங்கோட்டைவாசி:
எங்கள் வீட்டுக் கட்டிலை உங்கள் பக்கம் சாட்சிக்கு இழுக்காதீர்கள். அப்பா கேட்டார். நடந்தது.

தம்புரா:
பக்கவாத்தியம் அண்ணா, ஒரு கேள்வி. சென்னை வானொலி 1938-இலிருந்து இருக்கிறது. ஸ்டுடியோவில் கதவைச் சாத்திக்கொண்டு, எதிரே ஒரு ஆள் இல்லாமல் எத்தனை மகா வித்வான்கள் பாடியிருக்கிறார்கள். அதையெல்லாம் ரேடியோ கச்சேரி என்றுதானே இன்றும் பொக்கிஷமாக வைத்துக் கேட்கிறோம்? நீங்களும் கிரேடு (வானொலி கலைஞருக்குத் தரும் தரநிலை) வாங்கி ரேடியோவில் வாசித்தவர்தானே? ரேடியோவில் நடந்தால் கச்சேரி, கேமராவில் நடந்தால் ரெக்கார்டிங்கா?

பக்கவாத்தியம்:
ரேடியோ கச்சேரியை எவனும் சீசன் என்று சொன்னதில்லை. வானொலி பக்கவாத்தியக்காரனுக்கும் கிரேடு வைத்தது, கிரேடுக்குத் தகுந்த பணம் கொடுத்தது. பேரம் கிடையாது, "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" கிடையாது. பல குடும்பங்கள் அந்தச் சம்பளத்தில்தான் நின்றன. 2020-இல் எந்த சபா எனக்கு அப்படி எழுதிக் கொடுத்தது?

தம்புரா:
பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை அண்ணா. ரசிகர் இல்லாமல் நடந்தது கச்சேரியா என்றுதான் கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

பக்கவாத்தியம்:
வந்துவிட்டது. நீங்கள் படிக்கவில்லை.

காசிமேட்டுக்காரன்:
சென்னை என்றால் மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தி.நகர், முடிந்ததா? நேற்றிலிருந்து பார்க்கிறேன், சபாவில் சீசன் நடந்ததா இல்லையா என்று அடித்துக்கொள்கிறீர்கள். அதே 2020 டிசம்பரில்தான் மார்கழியில் மக்களிசை முதன்முதலாக ஆரம்பித்தது. கானாவும் பறையும் ஒப்பாரியும் மேடையேறின. அதற்கு முன் 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் தெருவிலேயே விழா தொடங்கியது. இந்த நகரத்தின் கலை எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று பேச வந்தவர்கள் கண்ணில் இது ஒன்றும் படவில்லை.

எங்கள் பக்கம் சாவு வீட்டில் ராத்திரி முழுக்க கானா பாடுவார்கள். கொரோனாவில் சாவுக்கே இருபது பேர்தான் என்றார்கள். பாடுகிறவர்களுக்குப் பிழைப்பு அடியோடு போனது. அவர்களுக்கு யார் ஆன்லைன் டிக்கெட் போட்டது?

மூன்றாம்வரிசை:
பேச்சு சீசனைப் பற்றி. கானாவை யாரும் குறை சொல்லவில்லை. 2017-இல் யுனெஸ்கோ சென்னையைப் படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் இசைக்காகச் சேர்த்தது. அந்தப் பெருமைக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாகச் சம்பளமில்லாமல் சபா நடத்தியவர்களின் உழைப்பு இருக்கிறது. அதைச் சொன்னால் உங்களுக்கு ஏன் வலிக்கிறது?

காசிமேட்டுக்காரன்:
ஏன் வலிக்கிறது என்று சொல்கிறேன். சதிர் (பரதநாட்டியத்தின் பழைய வடிவம்) ஆடிய தேவதாசிக் குடும்பங்கள் இருந்தன. 1931-இல் அப்படி ஒரு குடும்பத்தைச் சேர்ந்த கல்யாணியின் மகள்கள் உங்கள் அகாடமியிலேயே ஆடினார்கள். அப்புறம் என்ன ஆனது? ஆட்டத்துக்குப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. 1936-இல் கலாக்ஷேத்ரா என்ற நடனப் பள்ளி வந்தது. 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் வேண்டும் என்று போராடியவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் பாலசரஸ்வதி போல ஒரு சிலரைத் தவிர அந்த வீட்டுப் பெண்கள் மேடையிலிருந்து போனார்கள், ஆட்டம் மட்டும் மேடையில் தங்கியது. "கலைக்குச் சாவில்லை" என்று எழுதுவதற்கு முன் அந்தக் கலையை வைத்திருந்தவர்களுக்கு என்ன ஆனது என்று ஒரு வரி எழுதுங்கள்.

நாகஸ்வரத்தையும் கேட்கிறேன். தொடக்க நாளில் மங்கள இசை வேண்டும். முக்கியக் கச்சேரிக்கான மாலை ஆறரை மணி ஸ்லாட் எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள்?

மூன்றாம்வரிசை:
எல்லாப் பேச்சையும் இந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவது உங்கள் வழக்கம். பதில் சொல்ல விருப்பமில்லை.

காசிமேட்டுக்காரன்:
விருப்பமில்லை என்று போன வருஷமும் சொன்னீர்கள்.

பக்கவாத்தியம்:
காசிமேட்டு தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நாகஸ்வரக் குடும்பத்தில் பெண் கொடுத்து எடுத்தவர்கள் நாங்கள், எனக்கு அது புதிதில்லை. ஆனால் அவர் சொன்னதையே பாருங்கள். அந்த டிசம்பரில் மேடை போட்டு ஆளைக் கூட்டிப் பாடினார்களே, அது நடந்தது. சபாவில் நடந்தது நடக்கவில்லை. நான் முதலிலிருந்து சொல்வதும் இதுதான்.

காசிமேட்டுக்காரன்:
அண்ணா, நான் சொன்னதை உங்கள் வழக்குக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சீசன் நடந்ததா என்பது எனக்குப் பிரச்சினையே இல்லை.

நாடகக்காரன்:
1891-இல் சுகுண விலாச சபா ஆரம்பித்தபோது சபா என்றால் நாடகம். நம் வீடுகளில் அப்பா அம்மா சபா உறுப்பினராகச் சேர்ந்ததே மாதாமாதம் நாடகம் பார்க்கத்தான். டிவி வந்ததும் சபாக்கள் எங்களைக் கைகழுவின. 1977-இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவை ஆரம்பித்து, தெருக்கூத்திலிருந்து நடிகனின் உடம்பை மறுபடி கற்றுக்கொண்டார்கள். அதற்கு எந்த சபா வாடகை கொடுத்தது? நாங்கள் மொட்டை மாடியிலும் பள்ளிக்கூட ஹாலிலும் போட்டுத்தான் பிழைத்தோம். சபா காப்பாற்றியது என்கிற பேச்சை மட்டும் இங்கே எடுக்காதீர்கள்.

மூன்றாம்வரிசை:
கோடை நாடக விழா யார் நடத்துகிறார்கள்? கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ். அது சபா இல்லையா?

நாடகக்காரன்:
வருஷத்துக்கு ஒருமுறை வெயிலில் கூப்பிட்டு உட்கார வைப்பதைக் காப்பாற்றுவது என்கிறீர்கள். நல்லது.

மூன்றாம்வரிசை:
பக்கவாத்தியம் சாரிடம் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. தனி ஆரம்பித்ததும் அரங்கில் பாதிப் பேர் கேன்டீனுக்கு எழுந்து போகிறார்கள் என்று போன சீசனில் இங்கே பக்கம் பக்கமாக எழுதியவர் நீங்கள். எழுந்து போன அதே ரசிகர்கள் இல்லாததால்தான் 2020 நடக்கவில்லை என்கிறீர்கள். கேமரா எழுந்து போகவில்லையே?

பக்கவாத்தியம்:
எழுந்து போகிறவர்களைப் பற்றி எழுதினேன், ஆமாம், இனிமேலும் எழுதுவேன். உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி இப்போது எழுதுகிறேன். மிஸ்ர சாபுவில் (ஏழு எண்ணிக்கைத் தாளம்) கணக்கு ஒன்று எடுக்கிறேன் என்று வையுங்கள். முன்வரிசையில் ஒருவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். முடிவில் மூன்று தடவை வாசிக்கும் கோர்வை மூன்றாவது தடவை வரும்போது அவர் கை கொஞ்சம் மெதுவாகும், கண் என் வலது கை மேலே இருக்கும். நான் எங்கே வந்து விழப்போகிறேன் என்று அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். பாட்டு தொடங்கும் அந்த எடுப்பில் நானும் அவரும் ஒன்றாக வந்து இறங்குவோம். பெயர்கூடத் தெரியாது அவருக்கும் எனக்கும். அப்படி ஒரு ஆளுக்காகத்தான் ஆறு மாதம் சாதகம் பண்ணுகிறோம். 2020-இல் அந்த ஆள் இல்லை.

சபா காப்பாற்றியதாம். எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது விடியற்காலை வகுப்பால். அமெரிக்காவில் சாயங்காலம் ஆகும்போது இங்கே நாலரை மணிக்கு எழுந்து, போனை மிருதங்கத்துக்கு நேரே சாய்த்து வைத்து, பிள்ளைகளுக்கு மிருதங்கச் சொற்கட்டு கற்றுக் கொடுத்தேன். நெட் இழுத்து இழுத்து வரும், சேர்ந்து வாசிக்க முடியாது, நான் வாசித்து நிறுத்த அவர்கள் வாசிப்பார்கள். எனக்குத் தெரிந்த பக்கவாத்தியக்காரர்கள் பலரும் அப்படித்தான் கரையேறினார்கள். இந்த நகரத்தின் கலை அந்த வருஷம் நின்றது எங்கள் வீட்டுக் கூடங்களில். அரங்கத்தில் இல்லை.

தம்புரா:
அந்த வகுப்பும் கேமரா முன்னால்தானே அண்ணா நடந்தது? வகுப்பு நடந்ததா, நடக்கவில்லையா?

பக்கவாத்தியம்:
வகுப்பு வேறு.

தம்புரா:
எப்படி வேறு?

பக்கவாத்தியம்:
வகுப்பில் எதிரே பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. தப்பாக வாசித்தால் நிறுத்துகிறேன், திருத்துகிறேன். ரெக்கார்டிங்கில் யார் என்னை நிறுத்தினார்கள்? கேமராக்காரரா?

பாளையங்கோட்டைவாசி:
ஆன்லைன் விழாக்களை ஏன் இவ்வளவு சீக்கிரம் குறைத்துக்கொண்டார்கள் என்று யாராவது சொல்வீர்களா? அரங்கம் திறந்ததும் எங்களை மறந்துவிட்டார்கள். சீசன் டிக்கெட் விலையில் பாதி கொடுக்கவும் நாங்கள் தயார்.

மூன்றாம்வரிசை:
மேடம், நேரலைக்கு ஆகும் செலவு உங்களுக்குத் தெரியாது. கேமரா, நெட், கலைஞர் சம்மதம் எல்லாம் இருக்கிறது. அதோடு, வீட்டிலேயே கேட்கலாம் என்றால் அரங்குக்கு யார் வருவார்கள்?

பக்கவாத்தியம்:
இதோ! அரங்குக்கு ஆள் வர வேண்டும் என்று அவரே சொல்கிறார். இதைத்தானே சார் முதலிலிருந்து சொல்கிறேன்?

மூன்றாம்வரிசை:
நான் சொன்னது செலவைப் பற்றி. 2020-இல் நடந்தது.

காசிமேட்டுக்காரன்:
ஆறரை மணி ஸ்லாட் நாகஸ்வரத்துக்கு எத்தனை என்று கேட்டிருந்தேன். இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறீர்களா?

மூன்றாம்வரிசை:
சென்ற டிசம்பர் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள். எனக்கு வேறு வேலை இருக்கிறது.

பக்கவாத்தியம்:
நிரல் என்னிடம் இருக்கிறது, நான் போடுகிறேன். பக்கவாத்தியக்காரர்கள் பெயர் எந்த அளவு எழுத்தில் அச்சாகியிருக்கிறது என்பதையும் எல்லோரும் பாருங்கள்.