பழைய வண்டியில் நாமே செய்து மாட்டிய கியர் இண்டிகேட்டர்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

கொடைரோடு97:

அப்பாவின் ஸ்பிளெண்டரில் மாட்டினேன், 2003 மாடல். கியர் லிவருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு மைக்ரோ சுவிட்ச், சீட்டுக்கு அடியில் ஆர்டுயினோ நானோ என்கிற குட்டி கம்ப்யூட்டர் போர்டு, மீட்டருக்குப் பக்கத்தில் எந்தக் கியர் என்று எண்ணால் காட்டும் ஒரு செவன் செக்மென்ட் டிஸ்பிளே. முன்னால் மிதித்தால் ஒன்று கூடும், குதிகாலால் மிதித்தால் ஒன்று குறையும், 0-க்குக் கீழே போகாது, 4-க்கு மேலே ஏறாது. நியூட்ரலுக்கு 0. அவ்வளவுதான் புரோகிராம்.

அப்பாவுக்குச் சர்க்கரை வந்து பல வருடம். பாதம் இரண்டும் பாதி மரத்துவிட்டது, செருப்பு கழன்று விழுந்தாலே தெரியாது. கியர் விழுந்ததா இல்லையா என்று கால் சொல்லாது, அதனால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்று இருக்கட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். மூன்று வாரம் ஒரு தப்பும் இல்லை. டீக்கடையில் வண்டியை நிறுத்தி ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டுவார், "என் பையன் செஞ்சது" என்று.

நான்காவது வாரம், ரயில்வே கேட். கேட் மூடியிருந்தது. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அப்பா மூன்றாவது கியரிலேயே வந்து பிரேக் பிடித்து நிறுத்திவிட்டு, கிளட்சை அழுத்தியபடி குதிகாலால் டக் டக் டக் என்று மூன்று மிதி. 2, 1, 0. தோளுக்கு மேலாக நானும் பார்த்தேன், சிவப்பாக 0. கிளட்சை விட்டார். வண்டி பாய்ந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் சைக்கிளில், கேரியரில் பேத்தியை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். எங்கள் முன்சக்கரம் அவருடைய மட்கார்டைத் தொட்டது, அதோடு இன்ஜின் அணைந்துவிட்டது. அந்தப் பிள்ளை கழுத்தைத் திருப்பி எங்களைப் பார்த்தது. யாருக்கும் காயமில்லை. அப்பா என் பக்கம் திரும்பி, "ஜீரோதானே காட்டுச்சு?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இன்னும் காதில் நிற்கிறது. ஆமாம், ஜீரோதான் காட்டியது.

வீட்டில் வைத்து ராத்திரி முழுக்கப் பார்த்தேன். வண்டி நிற்கும்போது சுவிட்ச் தட்டுகிற அளவுக்கு லிவர் அமுங்குகிறது, ஆனால் உள்ளே பல்லுக்கு நேராகப் பல் வந்து நின்றுவிட்டால் கியர் மாறுவதில்லை. அரை அடி முன்னும் பின்னும் உருட்டினால்தான் விழுகிறது. என் புரோகிராம் எண்ணிக்கொண்டிருந்தது அப்பா எத்தனை தடவை மிதித்தார் என்பதைத்தான். பச்சை நியூட்ரல் விளக்கு எரியாததைப் பார்த்தாவது சுதாரித்திருக்கலாம், அந்த பல்பு போய் இரண்டு வருடம். இண்டிகேட்டர்தான் இருக்கிறதே என்று நான் மாற்றாமல் விட்டிருந்தேன்.

ஓசூர் யெஸ்டி:

மிதியை எண்ணுகிற ஏற்பாடு என்னையும் ஏமாற்றியது. யெஸ்டியில் கிக்கரும் கியர் லிவரும் ஒன்றுதான், உள்ளே தள்ளி மேலே தூக்கி உதைக்க வேண்டும், தெரியும்தானே. உதைத்த லிவர் திரும்பி வந்து இறங்கும் ஒவ்வொரு தடவையும் சுவிட்சைத் தட்டிவிடும். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போன இடத்தில், மண்டப வாசலில், வண்டி குளிர்ந்து போயிருந்தது, ஆறு ஏழு உதை. இன்ஜின் பிடித்தபோது வண்டி நியூட்ரலில் இருக்கிறது, மீட்டரில் 4. அங்கிருந்து வீடு வரைக்கும் மனசுக்குள் நானே கழித்துக்கொண்டு ஓட்டினேன்.

மைசூரில் 1996-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி, அதன் கவரில் ஓட்டை போட எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் கிளாம்ப்பில்தான் கட்டியிருந்தேன், அதனால் ஒரு தழும்பு இல்லாமல் கழற்ற முடிந்தது.

புல்லட்வலதுகால்:

தம்பி கொடைரோடு, நீ எழுதியதைப் படித்துவிட்டு எனக்கு மனசு கேட்கவில்லை. இந்த எண் எதற்கு என்று முதலில் கேட்க வேண்டும். என் புல்லட் 1989. வலது காலில் கியர், ஒன்று மேலே மூன்று கீழே, நியூட்ரல் விளக்கே கிடையாது, குதிகாலில் மிதித்தால் நியூட்ரலுக்குப் போகும் நியூட்ரல் பைண்டர் மட்டும். பல வருடம் முன்பு, கல்லட்டி வழியாக வெளியூர் வண்டிகளை இறங்க விட்ட காலத்தில், ஆசைப்பட்டு ஒரு இண்டிகேட்டர் மாட்டிக்கொண்டு ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கினேன். 36 கொண்டை ஊசி வளைவு, முதல் இரண்டு கியரிலேயே இறங்கச் சொல்லி போர்டு வைத்த சாலை. எண்ணைப் பார்த்துவிட்டு நிமிர்கிறேன், வளைவில் லாரி ஒன்று சாலை முழுவதையும் எடுத்துக்கொண்டு ஏறி வருகிறது. ஓரத்து மண்ணில் இறக்கித் தப்பித்தேன். மசினகுடியில் முதல் வேலையாக வயரை வெட்டினேன்.

கியர் காதுக்கும் தொடைக்கும் தெரிய வேண்டிய விஷயம். இன்ஜின் திணறினால் குறை, அலறினால் கூட்டு, அவ்வளவுதான். நிறுத்தப்போகும் இடத்துக்கு முன்பே, வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாகக் குறைத்து வந்துவிட வேண்டும். நின்ற பிறகு மிதித்தால் எந்த வண்டியிலும் மாட்டத்தான் செய்யும். கிளட்ச் லிவர் முனையில் 10-லிருந்து 20 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கிறதா என்று பார். அதைவிடக் கூடுதலாக இருந்தால் கிளட்ச் முழுதாக விடுபடாது, நியூட்ரல் விழுவது குதிரைக் கொம்புதான். கேபிளுக்கு எண்ணெய் விடு. கியர் லிவர் மாட்டியிருக்கும் பல் தேய்ந்திருந்தால் லிவரை மாற்று. கிளட்சை விடும்போது கடிக்கிற இடம் வரைக்கும் மெல்ல விட்டு, இழுக்கவில்லை என்று தெரிந்த பிறகு மீதியை விடச் சொல், அது வரைக்கும் பிரேக்கிலிருந்து கால் வரக்கூடாது. ஏற்கெனவே வயர் போட்டிருக்கிறாய் என்றால் சாவிக்குப் பின் வரும் கறுப்பு வயரில் எடுத்து 1 ஆம்பியர் பியூஸ் போடு, ஹெட்லைட் வயரில் எடுக்காதே, அந்தக் காலத்து வண்டிகளில் அதில் ஏசி ஓடும். இன்னொன்று, இதைச் சொல்லக்கூடாதுதான், பாதம் மரத்த மனிதர் வண்டி ஓட்டலாமா என்று டாக்டரிடம் கேள். ஓட்டலாம் என்றால் கியர் இல்லாத ஸ்கூட்டர் வாங்கிக் கொடு. பின் பிரேக்கும் மரத்துப்போன காலில்தான் இருக்கிறது, அதை மறந்துவிடாதே.

பொள்ளாச்சி பல்சர்:

புல்லட் அண்ணா, கடைசியில் சொன்னது நியாயம், ஆனால் "காதுக்குத் தெரிய வேண்டும்" என்று எல்லாருக்கும் ஒரே சட்டம் போடுவது சரியில்லை. எனக்கு இடது காது சின்ன வயதிலிருந்தே கேட்காது. ஹெல்மெட்டும் போட்டுவிட்டால் எனக்கு இன்ஜின் சத்தம் என்பது கைப்பிடி அதிர்வு மட்டும்தான். டாப் கியரில் இருக்கும்போதே இன்னொன்று இருக்கும் என்று காலைத் தூக்கிப் பார்க்கிற பழக்கம் அதனால் வந்தது. அந்த எண் எனக்கு வேண்டும்.

நான் லிவரைத் தொடவில்லை. பிளக் வயர் மேல் நாலு சுற்று வயர் சுற்றி ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் எத்தனை சுற்று), முன்சக்கரத்தில் ஒரு காந்தமும் அதை உணரும் ஏ3144 ஹால் சென்சாரும் வைத்து வேகம். ஒன்றை ஒன்றால் வகுத்தால் எந்தக் கியர் என்று வந்துவிடும். கணக்கு சுத்தமான கணக்கு. முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நல்ல இடைவெளி இருக்கும், 4-க்கும் 5-க்கும் நெருக்கம், அங்கேதான் தடுமாறும்.

வால்பாறை ஏறும்போது நடந்ததைச் சொல்கிறேன். ஆழியாறு தாண்டி 40 வளைவில் பாதி ஏறியிருப்பேன், மழை பிடித்துக்கொண்டது. எண் 2, 5, 1, 3 என்று ஆட ஆரம்பித்தது. வண்டி ஒழுங்காக இரண்டாவதில்தான் ஏறுகிறது. எனக்குத் தெரியும், ஆனாலும் 5-ஐப் பார்த்ததும் கால் தானாகவே குறைத்துவிட்டது, முதல் கியர் விழுந்து பின்சக்கரம் ஈரத்தில் ஒரு இழு இழுத்தது. மனைவி பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் கை என் சட்டையை இறுக்கிப் பிடித்ததை இப்போது எழுதும்போதும் உணர்கிறேன். பிளக் கேப்பில் தண்ணீர் இறங்கி நெருப்பு கசிந்திருக்கிறது, சுற்றியிருந்த வயர் சில நேரம் கசிவையும் ஒரு சுற்று என்று எண்ணியிருக்கிறது, சில நேரம் உண்மையான சுற்றையே விட்டிருக்கிறது.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. 20 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு 3 சுற்றுதான் சுற்றும். ஒரே காந்தம் என்றால் நான் பார்க்கும் எண் எப்போதுமே ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு பழசு. வளைவில் அது ரொம்பத் தாமதம். இப்போது நாலு காந்தம், பிளக் வயருக்குப் பதிலாக ஆப்டோகப்ளர் (நேரடி வயர் இணைப்பு இல்லாமல் ஒளியால் சிக்னலைக் கடத்தும் சில்லு) வழியாக சிக்னல். முக்கியமாக ஒரு மாற்றம் செய்தேன்: அடுத்தடுத்து மூன்று கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால் எண்ணே வராது, நடுவில் ஒரு கோடு மட்டும் வரும். கிளட்ச் பிடித்தாலும் கோடுதான், நின்றாலும் கோடுதான். கொடைரோடு நண்பரே, அன்று கேட்டில் உங்கள் டிஸ்பிளேயில் ஒரு கோடு வந்திருந்தால் அப்பா கிளட்சை விட்டிருக்க மாட்டார்.

பினாங்கு மோட்டார்:

இங்கே மலேசியாவில் எங்கள் கப்சாய் வண்டிகள் (சின்ன மோட்டார் சைக்கிள்கள்) பலவற்றில் தொழிற்சாலையிலிருந்தே மீட்டரில் கியர் விளக்கு உண்டு, யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. என் பழைய வண்டியின் சுவிட்ச் போனபோது பிரித்துப் பார்த்தேன். லிவரையும் எண்ணவில்லை, சக்கரத்தையும் எண்ணவில்லை. கியர் டிரம் (உள்ளே கியரை மாற்றும் உருளை) முனையில் ஒரு சின்ன முள், அது எந்தப் பித்தளைப் பொட்டில் நிற்கிறதோ அந்த விளக்கு எரியும். அவ்வளவு எளிது.

லேத்துபட்டறை திருப்பூர்:

பினாங்கு அண்ணன் சொன்னதுதான் சரியான வழி. கியர் எது என்று டிரம்முக்குத்தான் தெரியும், நாமும் அதையே கேட்க வேண்டும். இரண்டு வருடமாக என் ஸ்பிளெண்டரில் ஓடுகிறது.

ஸ்பிராக்கெட் கவரை (செயின் ஓடும் பல்சக்கரத்தின் மூடி) கழற்றினால் நியூட்ரல் சுவிட்ச் தெரியும், ஒற்றை வயர், இளம்பச்சையில் சிவப்புக் கோடு. அந்தச் சுவிட்சுக்குப் பதிலாக பைபர் பிசிபி (எலக்ட்ரானிக் சர்க்யூட்) அட்டையில் ஒரு தட்டு வெட்டி, டிரம் ஒவ்வொரு கியரிலும் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்து, ஐந்து பித்தளை ஸ்குரூ வைத்தேன். நியூட்ரல் ஸ்குரூவுக்கு நேர் வயர், முதல் கியருக்கு 470 ஓம் ரெசிஸ்டர், அப்புறம் 1 கே (1000 ஓம்), 2.2 கே, 4.7 கே. ஐந்தையும் ஒன்றாக முடிந்து பழைய ஒற்றை வயரிலேயே வெளியே எடுத்துவிடலாம். நானோ பக்கத்தில் அந்த வயரிலிருந்து 5 வோல்ட்டுக்கு 1 கே புல்லப் ரெசிஸ்டர். நியூட்ரலில் 0, பிறகு 1.6, 2.5, 3.4, 4.1 வோல்ட் என்று படி படியாக வரும். முள் எந்தப் பொட்டிலும் இல்லை என்றால் 5 வோல்ட், அதற்குக் கோடு. பொள்ளாச்சிக்காரர் கணக்குப் போட்டுக் கொண்டுவந்த கோடு இதில் தானாகவே கிடைக்கும். ஒன்று மட்டும் மறக்கக்கூடாது, பழைய பச்சை பல்பிலிருந்து அந்த வயரைப் பிரித்துவிட வேண்டும். பிரிக்காவிட்டால் பல்பு வழியாக 12 வோல்ட் வந்து நானோ போய்விடும். பல்பை ஒரு டிரான்சிஸ்டர் வைத்து நானோவாலேயே எரிக்கலாம்.

என்னை உறுத்துவது என்ன என்றால், மாட்டிய முதல் மாதம் 2-லிருந்து 3-க்குப் போகும்போது கோடு கொஞ்ச நேரம் நின்று நின்று போனது. தட்டில் எண்ணெய் அழுக்கு, காண்டாக்ட் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். இரண்டு தடவை கழற்றித் துடைத்து மாட்டினேன். ஒரு நாள் அவிநாசி ரோட்டில் பஸ்ஸை முந்திக்கொண்டிருக்கிறேன், பாதியில் கோடு. திராட்டிலை முறுக்குகிறேன், இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி போகவில்லை. பஸ் பக்கத்திலேயே வருகிறது, எதிரே மினி வேன். எப்படியோ பின்வாங்கி பஸ்ஸுக்குப் பின்னால் வந்துவிட்டேன். கேஸைப் பிரித்தால் டிரம்மை அந்தந்த இடத்தில் நிறுத்திப் பிடிக்கிற ஸ்பிரிங் தளர்ந்து கிடக்கிறது. ஒரு மாதமாக அந்தக் கோடு சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான்தான் அதை நம்பாமல் துடைத்துக்கொண்டிருந்தேன்.

புல்லட்வலதுகால்:

பொள்ளாச்சித் தம்பி, காது விஷயம் தெரியாமல் எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள். கண்ணுக்கு நேரே வைக்காதே, கொஞ்சம் கீழே, பார்வை சாலையில் இருக்கும்போதே ஓரத்தில் தெரிகிற இடத்தில் வை என்பதை மட்டும் இப்போதும் சொல்வேன். ராத்திரியில் கண் கூசும், ஒரு எல்டிஆர் (வெளிச்சத்தை உணரும் சென்சார்) போட்டு வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்.

கொடைரோடு97:

எல்லாருக்கும் நன்றி. புல்லட் அண்ணா, டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஊருக்குள் மட்டும், மெதுவாக, பகலில் மட்டும் என்றார், அடுத்த மாதம் பாதத்தை மறுபடி பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். ஸ்கூட்டர் பேச்சை எடுத்தேன், அப்பா பதில் சொல்லவில்லை. அது அவர் முதல் சம்பளத்தில் முன்பணம் கட்டி வாங்கிய வண்டி.

செவன் செக்மென்ட்டைக் கழற்றிவிட்டேன். பச்சை பல்பு மாற்றியாகிவிட்டது. அந்தக் கேட்டுக்கு ஐம்பதடி முன்பே அப்பா இப்போது இன்ஜினை அணைத்து இறங்கிவிடுகிறார், கேட் திறந்திருந்தாலும் சரி, தள்ளிக்கொண்டுதான் கடக்கிறார். நான் செய்ததை நம்பினதால் வந்த பயம் அது. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஸ்பிராக்கெட் கவரைக் கழற்றுகிறேன். பட்டறை அண்ணா, அந்தத் தட்டு எத்தனை மில்லிமீட்டர்?

லேத்துபட்டறை திருப்பூர்:

1.6, சாதாரண பிசிபி அட்டை தடிமன்தான். வெட்டும் முன் பழைய சுவிட்சின் ஆழத்தை அளந்துகொள், ஓரத்தில் ஓ ரிங் (ரப்பர் வளையம்) உட்காராவிட்டால் எண்ணெய் கசியும். மாட்டியதும் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கியருக்கும் ஐம்பது தடவை போட்டுப் பார். ஒரு தடவை தப்பாகக் காட்டினாலும் பிரித்துவிடு. அப்புறம் ஒரு மாதம் நீ ஓட்டு, அப்பா பின்னால் உட்கார்ந்து பார்க்கட்டும்.