ரீசீட்: மீளிருத்துவதா, கழற்றி மாட்டுவதா?

நண்பர்களே, ஐடிஐ மாணவர்களுக்கான கணினிப் பழுதுநீக்கக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது, 'ரீசீட்' (reseat) என்ற ஒரு ஆங்கில வினைச்சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கணினியின் நினைவக அட்டையான ராமை (RAM) ஸ்லாட்டிலிருந்து எடுத்து, விளிம்பைத் துடைத்து, இரண்டு பக்கக் கொக்கியும் க்ளிக் என்று விழும்வரை அழுத்துவது, அவ்வளவுதான். எனக்கு முன்னால் மொழிபெயர்த்தவர் 'ராமை மீண்டும் அமர்த்துக' என்று எழுதியிருக்கிறார். படித்தால் பட்டாபிஷேகம் மாதிரி இருக்கிறது.

---

தம்பி, கூட்டத்தில் ஆட்களை இடம் மாற்றி உட்கார வைப்பதும் ரீசீட்தான், அடிப்பிரம்பு அறுந்த நாற்காலிக்குப் புதுப் பிரம்பு பின்னுவதும் அதுதான். நமக்கு வேர் 'இரு'. நட, நடத்து, கிட, கிடத்து, இரு, இருத்து. ஆகவே 'மீளிருத்து'. 'அமர்த்து' வேண்டாம், மீள்குடியமர்வு என்றாலே சென்னைக் குடிசைவாசிகளைக் கொண்டுபோய்க் குடியேற்றிய பெரும்பாக்கம் ஞாபகம் வருகிறது. இருக்கைக்குக் கட்டில் என்றும் பழைய பெயர் உண்டு, அரசுகட்டில் என்கிறோமே. முரசுகட்டிலில் அசந்து தூங்கிய புலவர் மோசிகீரனாரைச் சேரன் எழுப்பி இடம் மாற்றவில்லை, பக்கத்தில் நின்று விசிறினான்.

---

ஐயா, விசிறியது போதும், ராமுக்கு வருவோம். சென்னை ரிச்சி தெருவில் 15 வருஷமாகக் கணினிக் கடை வைத்திருக்கிறேன், "கழட்டி மாட்டு" என்றுதான் பையன்களிடம் சொல்வேன். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சாக்கெட்டில் இருக்கிற சிப் மெல்ல மேலே எழும்பும், அதன் உலோகக் கால்களில் அழுக்கும் ஏறும். கழட்டி மாட்டினால் பாதி மெஷின் எழுந்துவிடும். 'மீளிருத்து' என்று எழுதினால் மீளி யார் என்று கேட்பான்.

---

மீளி என்றால் வீரன். கேட்கட்டுமே.

---

நான் கொதிகலன் பக்கம் வேலை பார்த்தவள். பாதுகாப்பு வால்வு நீராவியைக் கக்கிவிட்டு, திறந்த அழுத்தத்தைவிடக் கொஞ்சம் குறைந்ததும் தானாகவே மூடிக்கொள்ளும், அதற்கும் ரீசீட் என்றுதான் பெயர். அங்கே கழட்டி மாட்டப் போனால் ஆள் இருக்க மாட்டான். "வால்வு உட்காரல" என்பார்கள் ஃபிட்டர்கள். ஐயாவின் 'இருத்து'கூட அங்கே உதவாது, தானாக நடப்பதற்குப் பிறவினை எதற்கு?

---

சரி, என் கையேட்டில் வால்வு இல்லை. 'கழற்றி மாட்டுக' என்றே அனுப்பிவிட்டேன். மூன்று பேர் சரி என்றார்கள், மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள் போலிருக்கிறது.

---

என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள் தம்பி. 'கழற்றி மாட்டுக' கலைச்சொல் இல்லை, செய்முறை.