மறுமொழி: டெரட்டோஜன், அதன் எதிர்ச்சொல், விற்றமின் சி

கல்முனையிலிருந்து:

சேர், நமது கலைச்சொற் பட்டியலில் டெரட்டோஜனுக்கு (கருவில் வளரும் சிசுவின் உருவத்தைக் கெடுக்கும் பொருள்) 'விகாரமாக்கி' வேண்டாம். நமது உயர்தர உயிரியலில் விகாரம் என்றால் பரம்பரையலகில் வரும் மாற்றம். தலிடோமைட் என்ற மருந்து பரம்பரையலகை மாற்றாமலே சிசுவின் கைகால்களைக் குறுக்கியது. 'ஊனமாக்கி'யும் வேண்டாம், பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய் கிளினிக் சுவரில் அதை வாசிக்கப் போகிறாள். நோயாக்கி, புற்றுநோயாக்கி என்ற வரிசையில் 'உருக்கேடாக்கி' பொருந்தும்.

வரைவிலக்கணத்தில் காலமும் வரவேண்டும். எலியில் உறுப்புகள் உருவாகும் காலம் கருவுற்ற ஏறத்தாழ 6ஆம் நாளிலிருந்து 15ஆம் நாள்வரை. அந்தக் காலத்தில் கைகால்களைக் குறுக்கும் ஒரு மருந்தை அதே அளவில் 18ஆம் நாள் கொடுத்தால் கைகால் குறுகாது. இனமும் முக்கியம்: தலிடோமைட்டுக்கு எலி பெரிதாக அசையவில்லை, நியூசிலாந்து வெள்ளை முயலில் கேடு தெரிந்தது.

அடுத்தது எதிர்ச்சொல்: உருக்கேட்டைக் குறைப்பதாகச் சொல்லப்படும் விற்றமின் சி-க்கு முன்மொழியப்பட்ட 'உருக்கேடு காப்பி' (காப்பது என்ற பொருளில்). தமிழ்நாட்டார் அதைக் கோப்பி என்று வாசிப்பார்கள் என்பது சின்னப் பிரச்சினை. பெரியது, முழுதாகக் காக்கும் என்று அந்தச் சொல் கொடுக்கும் உறுதி.

மட்டக்களப்பிலிருந்து:

உருக்கேடாக்கிக்குச் சம்மதம். எதிர்ச்சொல்லைத் தீர்மானிக்குமுன் பரிசோதனைகளில் விற்றமின் என்ன செய்தது என்று பார்க்கவேண்டும். ஒரே வேலையை அது செய்யவில்லை.

சினை எலிக்கு எத்தைல்யூரியாவையும் நைத்திரைற்றையும் சேர்த்து ஊட்டினால், இரைப்பை அமிலத்தில் இரண்டும் சேர்ந்து எத்தைல்நைத்திரோசோயூரியா என்ற நஞ்சு ஆகும்; குட்டிகளுக்கு மூளையில் நீர் கோக்கும். அஸ்கோபிக் அமிலமும் (விற்றமின் சி) கூடக் கொடுத்தபோது அது தடுக்கப்பட்டது. காரணம், விற்றமின் இரைப்பையிலேயே நைத்திரைற்றைத் தாழ்த்தி வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. முளையத்தை (உருவாகும் கருவை) அது காக்கவில்லை, நஞ்சு உருவாகவே விடவில்லை. ஆயத்தமான எத்தைல்நைத்திரோசோயூரியாவை ஊசியால் ஏற்றினால் இந்த வழி அடைபட்டுப்போகும். சைக்கிளோபொஸ்பமைட் என்ற புற்றுநோய் மருந்தின் விடயம் வேறு: ஈரல் அதைச் செயற்படுத்திய பிறகு வரும் சேதத்தைச் சுண்டெலியில் விற்றமின் குறைத்ததாகப் பதிவுண்டு. நீரிழிவுள்ள எலிகளின் குட்டிகளிலும் உணவில் சேர்த்தபோது கேடு குறைந்தது.

ஆகவே முதலாவதற்கு 'ஆக்கத் தடுப்பி', மற்றவற்றுக்கு 'உருக்கேடு தணிப்பி'. தணிப்பி என்றால் குறைந்தது என்று மட்டும்தான் பொருள்.

அந்தக் குறைவும் எண்ணும் முறையில் பொய்யாகலாம். மருந்தும் விற்றமினும் சேர்ந்து அதிக முளையங்களைக் கொன்றால், உயிரோடு எஞ்சும் குட்டிகளில் கேடு குறைவாகத் தெரியும். அதனால் கருப்பையில் முளையங்கள் பதிந்த இடங்கள் எல்லாவற்றையும் எண்ணவேண்டும். வெறுமையாகத் தெரியும் கருப்பையை 10% அமோனியம் சல்பைட்டில் சில நிமிடம் வைத்தால் பழைய பதிவிடங்கள் கறுத்துத் தெரியும் (நாற்றம் தாங்காது, புகைக்கூண்டுக்குள் செய்யுங்கள்). கணக்கின் அலகு குட்டியல்ல, தாய். பத்துத் தாயின் நூறு குட்டிகளை நூறு மாதிரியாக எடுத்தால் இல்லாத வித்தியாசம் முளைக்கும்.

விலங்குகளை நான்கு கூட்டங்களாகப் பிரிக்கவேண்டும்: மருந்தில்லாத கரைப்பான் மட்டும், மருந்து மட்டும், விற்றமின் மட்டும், இரண்டும். விற்றமின் கரைசலை அன்றன்று கலந்து வெளிச்சம் படாமல் வையுங்கள். நின்றால் ஒட்சியேறிக் கெட்டுவிடும். அஸ்கோபிக் அமிலம் புளிப்பு, குடிநீரில் போட்டால் தாய் குறைத்துக் குடிக்கும், அதன் நிறை இறங்கினால் குட்டியின் நிறையும் இறங்கும். சோடியம் உப்பு நல்லது.

கல்முனையிலிருந்து:

தணிப்பி சரி, ஆனால் தனியே நிற்கக்கூடாது. பதிவில் 'எந்த விலங்கில், எந்த மருந்துக்கு' என்று கட்டாயம் சேருங்கள். எலி தன் ஈரலில் விற்றமின் சி-யைத் தானே ஆக்கும். மனிதருக்கும் கினிப்பன்றிக்கும் அது முடியாது. எலியில் கொடுத்த அளவை நமக்குப் பெருக்கிப் பார்ப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

கிளினிக் துண்டுப்பிரசுரத்தில் இந்தச் சொல்லே வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு இரும்புக் குளிசையோடு விற்றமின் சி கொடுப்பது இரும்பு நன்றாக அகத்துறிஞ்சப்படுவதற்கு. அதை அப்படியே எழுதுங்கள். வலிப்புக்கு வல்புரோவேற்று (அதுவும் ஓர் உருக்கேடாக்கி) எடுக்கும் பெண் 'தணிப்பி' என்று வாசித்துவிட்டு விற்றமினை நம்பியிருக்கக்கூடாது. வலிப்புக் குளிசையைத் தானாக நிறுத்தவும் கூடாது. பிள்ளை பெற எண்ணும்போதே வைத்தியரிடம் கேட்கவேண்டும்.

ஒன்று மிச்சம். இறந்த முளையம் கருப்பையில் கரைந்து போவதற்கு 'மீளவகத்துறிஞ்சல்' என்று வைத்தால் மாணவர்கள் அதே சொல் வரும் சிறுநீரகப் பாடத்தில் போய்த் தேடுவார்கள். 'முளையக் கரைவு' போதும் என்பது என் எண்ணம்.