ஆயுள் முழுக்க சைவம், இப்போது மீன் கேட்கிறார்: கேட்பது யார்?

குண்டாறு:
எங்கள் தாத்தா செங்கோட்டைக்காரர், சிவ தீட்சை வாங்கியவர், முட்டை பொரித்த கல்லில் தோசை வார்த்துக் கொடுத்துவிட்டார்கள் என்று சொந்தத் தம்பி வீட்டுக்குப் போவதையே நிறுத்தியவர். இப்போது அல்சைமர், புனலூரில் அத்தை வீட்டில் இருக்கிறார். கடைக்குக் கூட்டிப்போனால் சக்கரக் காசைத் தேடுகிறார், திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம் என்று கடைக்காரப் பையனுக்குப் பாடம் வேறு. செங்கோட்டை 1956-ல் தமிழ்நாட்டுப் பக்கம் வந்ததெல்லாம் அவர் கணக்கில் இன்னும் நடக்கவில்லை. இதையெல்லாம் சிரித்தபடி சமாளித்துவிட்டோம். பக்கத்து வீட்டுச் சேச்சி விவரம் தெரியாமல் கொடுத்த கப்பையையும் சாளைக்கறியையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இப்போது மணம் வந்தாலே கேட்கிறார் என்பதுதான் பிரச்சினை. அத்தை, "இது அப்பாவே இல்லை, நோய் கேட்கிறது, நான் கொடுக்க மாட்டேன்" என்கிறார். மாமா, "மனுஷன் ஆசையாகத் தின்கிறார், இதற்கு மேல் என்ன வேண்டும்" என்கிறார். மருத்துவ ஆலோசனை கேட்கவில்லை, அதற்கு டாக்டர் இருக்கிறார். கேட்பது யார் என்பதுதான் என் கேள்வி.

எஸ் வளைவு:
கொடுங்கள். ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் 1694-லேயே இதற்கு வழி சொல்லிவிட்டார்: நேற்று இருந்தவனும் இன்று இருப்பவனும் ஒரே ஆள் என்பது நினைவை வைத்துத்தான். ஓர் இளவரசனுடைய நினைவுகள் அத்தனையும் செருப்புத் தைப்பவர் ஒருவரின் உடம்புக்குப் போய்விட்டால் அங்கே உட்கார்ந்திருப்பது இளவரசன்தான் என்றார். அதைத் திருப்பிப் பாருங்கள். தீட்சை வாங்கியது, தம்பியோடு முறைத்துக்கொண்டது எதுவும் நினைவில் இல்லாத ஒருவரை, வேறு யாரோ எடுத்த விரதத்துக்குக் கட்டிப்போட என்ன உரிமை?

பதிமூணு கண் பாலம்:
லாக்கை எடுத்தால் அவரை மறுத்த தத்துவவாதி தாமஸ் ரீடையும் சேர்த்து எடுக்க வேண்டும். 1785-ல் அவர் கேட்டது இது. பழத்தோட்டத்தில் திருடி அடி வாங்கிய ஒரு பையன், வளர்ந்து இளம் அதிகாரியாகப் போரில் எதிரியின் கொடியைப் பிடிக்கிறான், வயதானபின் தளபதி ஆகிறான். கொடி பிடித்தபோது அடி வாங்கியது நினைவிருந்தது. தளபதிக்குக் கொடி நினைவிருக்கிறது, அடி அடியோடு மறந்துவிட்டது. லாக் கணக்குப்படி தளபதியும் அந்தப் பையனும் ஒரே ஆள், அதே சமயம் ஒரே ஆள் இல்லை. இந்த ஓட்டையை வைத்துக்கொண்டு ஒரு வீட்டுச் சோற்றுத் தட்டில் தீர்ப்புச் சொல்ல முடியாது. இன்னொன்று, அவருக்குச் சக்கரக் காலம் நினைவிருக்கிறது என்கிறார் குண்டாறு. அந்தக் காலத்திலும் அவர் சைவ வீட்டுப் பையன்தானே? நினைவே அளவுகோல் என்றாலும் மீன் பக்கம் சாயாது.

மணிமுத்தாறு:
முள்ளை எடுத்துவிட்டுக் கொடுங்கள். இதற்கு இத்தனை வெள்ளைக்காரர்களா?

எஸ் வளைவு:
சரி, லாக் வேண்டாம். அவர் அதே ஆள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நேற்றைய ஆசைக்கு இன்றைய ஆசையை விட ஏன் எடை கூட? நான் இருபது வயதில் எடுத்த சபதங்களை நாற்பதில் யாரும் வந்து என்மேல் சுமத்துவதில்லை.

பதிமூணு கண் பாலம்:
நாற்பதில் நீங்கள் யோசித்து மாற்றிக்கொள்கிறீர்கள். அவர் யோசித்து மாற்றவில்லை, அவரிடமிருந்து பிடுங்கப்பட்டது. ரொனால்டு டுவார்க்கின் என்ற அமெரிக்கச் சட்டத் தத்துவவாதி 1993-ல் இதைத்தான் பிரித்துக் காட்டினார். ருசி, வலி, சுகம் இவை அனுபவிக்கும்போது மட்டும் கணக்கில் வருபவை. என் வாழ்க்கை இப்படி இருக்க வேண்டும் என்று ஒருவர் தீர்மானித்துக் கட்டியது வேறு ரகம், அதை உணரும் சக்தி போன பிறகும் அது அவருடையதுதான். தாத்தாவின் சைவம் ருசி விஷயமா? தம்பி வீட்டையே விட்டிருக்கிறார்.

எஸ் வளைவு:
அதே டுவார்க்கின் விவாதத்துக்கு எடுத்துக்கொண்ட மார்கோ என்ற பெண்மணியையும் சொல்லுங்கள். அல்சைமர் வந்தவர். கதைப் புத்தகத்தை ஏதோ ஒரு பக்கத்தில் பிரித்து வைத்துப் படிப்பார், நிலக்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியைத் தின்பார், நான் பார்த்ததிலேயே மகிழ்ச்சியானவர்களில் ஒருவர் என்கிற மாதிரி எழுதினார் அவரைப் பார்க்கப் போய்வந்த மருத்துவ மாணவர். அப்படிப்பட்டவருக்கு உயிர் காக்கும் சிகிச்சை தேவைப்பட்டு, "எனக்கு இந்த நோய் வந்தால் சிகிச்சை வேண்டாம்" என்று அவர் முன்பே எழுதி வைத்திருந்தால்? எழுதியபடி விட்டுவிட வேண்டும் என்பதுதான் டுவார்க்கின் போய்ச் சேர்ந்த இடம். சட்டப் பேராசிரியர் ரெபெக்கா டிரெஸ்ஸர் 1995-ல் மறுத்தார்: கண்ணெதிரே சந்தோஷமாக இருக்கும் ஒரு மனுஷியை, பழைய காகிதத்துக்காகக் கைவிடுவதா என்று. நான் அந்தப் பக்கம். காகிதத்துக்குப் பசிக்காது.

நைட் டூட்டி:
வயதானவர்கள் வார்டில் வேலை செய்கிறவள் என்கிற முறையில் சொல்கிறேன், இரண்டு பேருமே மூளையை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். மறதி நோய் என்று ஒரே பெயர் சொல்கிறோம், உள்ளே பல வகை. முன்மூளையும் பக்க மூளையும் தேயும் வகையில் சாப்பாட்டுப் பழக்கம் தலைகீழாக மாறுவதே நோயின் அடையாளங்களில் ஒன்று. இனிப்பை அள்ளி அள்ளித் தின்பார்கள், கூச்சம் போய்விடும், பக்கத்து இலையில் கை போகும். அல்சைமரில் பெரும்பாலும் முதலில் அடி வாங்குவது புதிய ஞாபகம். அதனால் திடீரென்று சாப்பாடு மாறியதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், விழுங்குவதில் சிரமம் உண்டா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், சாளை முள் பொடி முள்.

அப்புறம் அத்தை சொன்ன "இது அப்பாவே இல்லை". 2015-ல் ஸ்ட்ரோமிங்கர், நிக்கோல்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் மூன்று வகை நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் 248 குடும்பத்தினரிடம் இதையே கேட்டார்கள். ஞாபகம் போனதால் "இது அவர் இல்லை" என்று தோன்றியது குறைவு. குணம், நல்லது கெட்டது பார்க்கிற விதம் மாறியபோதுதான் ஆளே மாறிவிட்டதாகத் தோன்றியது. முன்மூளை வகையில் அது மிக அதிகம், தசையை இயக்கும் நரம்புகள் தேய்கிற நோயில் மிகக் குறைவு. குண்டாறு, ஒன்று கேட்கிறேன், தாத்தா அத்தையின் பெயரை மறந்தபோது அத்தை இப்படிச் சொன்னாரா?

குண்டாறு:
இல்லை அக்கா. பெயர் மறந்தார், ஆச்சி இறந்ததை மறந்தார், அத்தையை ஆச்சி என்று நினைத்து அதட்டினார். அப்போதெல்லாம் "அப்பா பாவம்" என்றுதான் சொன்னார். மீனுக்குத்தான் "அப்பாவே இல்லை".

இன்னொன்று விட்டுவிட்டேன். "அப்பா, நீங்க தீட்சை வாங்கினவங்க, இது மீன்" என்று அத்தை சொன்னால் தட்டைத் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சில நேரம் அழுகிறார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்கிறார்.

பதிமூணு கண் பாலம்:
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்! தட்டைத் தள்ளுகிறார் என்றால் சைவம் இன்னும் உள்ளே இருக்கிறது. தத்துவவாதி அக்னியெஷ்கா யவோர்ஸ்கா 1999-ல் டுவார்க்கினுக்கும் டிரெஸ்ஸருக்கும் நடுவே புகுந்து சொன்னது இதுதான்: வாழ்க்கை முழுவதையும் நினைவில் விரித்துப் பார்க்க முடியாமல் போனாலும், ஒன்றை மதிக்கிற சக்தி ஒருவரிடம் மிச்சமிருக்கலாம், இருக்கிறவரை அதற்கு மரியாதை கொடுக்க வேண்டும். மீன் கேட்பது மூக்கு, தள்ளிவிடுவது தாத்தா.

எஸ் வளைவு:
அல்லது மகள் அதட்டுகிற குரலுக்குப் பயந்து தள்ளுகிறார். "இது வெண்டைக்காய், உங்களுக்கு ஆகாது" என்று அதே குரலில் சொன்னாலும் அழுவார்.

நைட் டூட்டி:
அது நடக்கக்கூடியதுதான். எங்கள் வார்டில் வார்த்தை புரியாதவர்களுக்கும் குரல் புரிகிறது. இதைவிட முக்கியமானது, 2010-ல் மூளையின் ஹிப்போகாம்பஸ் சேதமாகிப் புது நினைவு தங்காதவர்களுக்குச் சோகப் படக் காட்சிகளைப் போட்டுக் காட்டிய ஓர் ஆய்வு. என்ன பார்த்தோம் என்பது மறந்துபோனது, சோகம் மட்டும் மறையவில்லை. பிறகு அல்சைமர் உள்ளவர்களிடமும் அப்படியே பார்த்தார்கள். ஆக, அத்தை ஒவ்வொரு தடவை நினைவூட்டும்போதும் தாத்தாவுக்குக் காரணம் போய்விடுகிறது, அவமானம் தங்குகிறது. ஏன் அழுகிறோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார். கொடுப்பதா வேண்டாமா என்பது குடும்பம் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் தீட்சையைச் சொல்லிக் காட்டுவதை இன்றைக்கே நிறுத்தலாம்.

கோட்டைவாசல்:
பெரியவன் ஒரு வார்த்தை சொல்லலாமா. நினைவுதான் ஆள் என்று தம்பி தொடங்கினார். நம் மணிமேகலையில் இதற்கு வேறு பதில் இருக்கிறது. மணிபல்லவத்துப் புத்த பீடிகையில் அவளுக்கு முற்பிறப்புத் தெரிகிறது, அதில் தன் கணவனாக இருந்த இராகுலன்தான் இன்று தன்னைத் துரத்தும் உதயகுமாரன் என்றும் தெரிகிறது. அவனுக்கோ எதுவும் நினைவில்லை. அவன் வெட்டுப்பட்டபோது அவள் கணவனுக்கு அழுகிற மாதிரிதான் அழுகிறாள். அவன் மறந்ததை அவள் வைத்திருக்கிறாள். அதுபோல் உங்கள் தாத்தாவின் சைவம் இப்போது அத்தையிடம் இருக்கிறது. அவர் மறந்துவிட்டார் என்பதற்காக அவளும் மறக்க வேண்டுமா?

பதிமூணு கண் பாலம்:
அண்ணாச்சி சொன்னதை 1998-ல் கிளார்க், சால்மர்ஸ் என்ற தத்துவவாதிகள் வேறு விதமாகச் சொன்னார்கள். ஓட்டோ என்று ஒரு கற்பனை ஆள், அல்சைமர் வந்தவன், எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்துப் பார்த்து நடக்கிறான். அந்த நோட்டும் அவன் மனத்தின் ஒரு பகுதி என்று வாதம். அத்தைதான் தாத்தாவின் நோட்டு.

எஸ் வளைவு:
ஓட்டோ தானாக நோட்டைத் திறந்து பார்க்கிறான், அதில் உள்ளதை நம்புகிறான். இங்கே நோட்டு எழுந்து வந்து ஆளை அதட்டுகிறது. அண்ணாச்சிக்கும் மரியாதையோடு ஒன்று சொல்கிறேன், அந்த அழுகையைத் தொடர விடாமல் தூணில் இருந்த தெய்வப்பாவை தடுத்ததும் அதே கதையில்தானே வருகிறது? பழைய பிறவி உறவைப் பிடித்துக்கொண்டு தொங்காதே என்றுதானே பொருள்?

கோட்டைவாசல்:
தடுத்தது அவள் துக்கத்தை. அவன் யார் என்று அவள் அறிந்ததைப் பாவை பொய்யென்று சொல்லவில்லை. படித்துவிட்டு வாருங்கள் தம்பி, பேசுவோம்.

மணிமுத்தாறு:
வாழைக்காயை மீன் மசாலாவில் புரட்டி, குடம்புளி போட்டுக் கொடுங்கள். எங்கள் ஊர் சைவ வீடுகளில் இது புதிதில்லை. மணமும் வரும், தீட்சையும் போகாது.

எஸ் வளைவு:
ஏமாற்றுவது சரியா?

மணிமுத்தாறு:
திருவிதாங்கூரில் இருக்கிறோம் என்றபோது எல்லோரும் ஆமாம் போட்டார்களே, அது?

குண்டாறு:
வாழைக்காயை அத்தை ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன். நினைவூட்டி அழவைப்பதை நிறுத்தச் சொல்லியும் பேசிவிட்டேன், கோபம்தான், ஆனால் கேட்டுக்கொண்டார். என் கேள்வி அப்படியே நிற்கிறது என்பதும் தெரிகிறது.

பதிமூணு கண் பாலம்:
கேள்விக்குச் சட்டமே பாதி பதில் சொல்லிவிட்டது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், 5-ஆம் பிரிவு: பின்னாளில் எனக்கு முடிவெடுக்கும் சக்தி போனால் எப்படிச் சிகிச்சை தர வேண்டும், தரக்கூடாது என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். மனநோய்க்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் நினைவாற்றல் கோளாறும் வருகிறது. நேற்றைய ஆளின் சொல் இன்றைய ஆளைக் கட்டும் என்று இந்திய நாடாளுமன்றமே ஏற்றிருக்கிறது.

எஸ் வளைவு:
சிகிச்சைக்கு. சாப்பாட்டுக்கு இல்லை. அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவையும் படியுங்கள், உறவினரோ மருத்துவரோ விண்ணப்பித்தால் மனநல மறுஆய்வு வாரியம் அந்தக் காகிதத்தை மாற்றலாம், ரத்தும் செய்யலாம். எழுதியபோது இப்போதைய நிலைமையை அவர் நினைத்துப் பார்த்திருந்தாரா என்று பார்ப்பதும் அதில் உண்டு. தாத்தா தீட்சை வாங்கியபோது இந்த நிலைமையை நினைத்திருப்பாரா?

பதிமூணு கண் பாலம்:
தம்பி வீட்டுத் தோசைக்கல்லில் முட்டை இருக்கும் என்றும் நினைத்திருக்க மாட்டார். அப்போதும் எழுந்து வந்துவிட்டார்.