ஏரி நீரின் மேல்படலத்தில் பாக்டீரியாக்கள் மரபணுக்களைப் பரிமாறிக்கொள்கின்றனவா?

வர்த்தூர்வாசி:
வணக்கம். பெங்களூரில் பெல்லந்தூர் ஏரிக்கும் வர்த்தூர் ஏரிக்கும் இடைப்பட்ட பகுதியில் குடியிருக்கிறோம். காற்றில்லாத காலை வேளைகளில் நீரின்மேல் மினுமினுப்பான ஓர் ஏடு படர்ந்து நிற்கும். கலங்கலைத் தாண்டித் தண்ணீர் விழும் இடத்தில் நுரை திரளும். அந்த ஏட்டில் வாழும் பாக்டீரியாக்கள் அடிநீரில் இருப்பவற்றைக் காட்டிலும் எளிதாக மரபணுக்களைக் கொடுத்து வாங்கும் என்றும், ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காத தன்மை அங்கிருந்தே பரவுகிறது என்றும் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் அடித்துச் சொன்னார். முதல் கூற்றுக்கு அடிப்படை உண்டா? உண்டென்றால், இரண்டாவதும் தானாக உண்மையாகிவிடுமா? நான் வேதியியல் படித்தவன். உயிரியல் பன்னிரண்டாம் வகுப்போடு சரி.

நுண்ணோக்கி:
முதல் கூற்றுக்கு அடிப்படை உண்டு. நீரும் காற்றும் சந்திக்கும் அந்த அடுக்கு ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. கொழுப்பு, புரதம், டிடர்ஜென்ட் எச்சம், உலோக அயனிகள் எல்லாம் அங்கே வந்து சேர்வதால், அவற்றை உண்ணும் பாக்டீரியாக்களும், தண்ணீரோடு ஒட்டாத வெளிச்சுவர் கொண்ட பாக்டீரியாக்களும் அங்கே நெருக்கமாகக் குடியேறுகின்றன. இப்படி நீர்ப்பரப்பில் வாழும் உயிர்க்கூட்டத்துக்கு நியூஸ்டன் என்று 1917-இல் பெயரிட்டவர் சுவீடனைச் சேர்ந்த ஐனார் நௌமன்.

நெருக்கம் ஏன் முக்கியம் என்றால், 1946-இல் லெடர்பெர்க்கும் டாட்டமும் கண்டறிந்த இணைவு முறைக்கு இரண்டு செல்கள் ஒன்றையொன்று தொட்டாக வேண்டும். கொடுக்கும் செல் பைலஸ் என்னும் இழையை நீட்டி அடுத்ததைப் பற்றிக்கொண்டு, பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தின் ஓர் இழையை அதற்குள் அனுப்புகிறது. மறு இழையை இரண்டும் தத்தமக்குள் உருவாக்கிக்கொள்கின்றன. எல்லாப் பைலஸும் ஒரே மாதிரியானவை அல்ல. எஃப் பிளாஸ்மிட்டின் பைலஸ் நீண்டு வளையக்கூடியது. மிதக்கும் செல்களிடையிலும் அது வேலை செய்யும். பல நோய்க்கிருமி இனங்களுக்குள் புகவல்ல ஆர்பி4 போன்றவற்றின் பைலஸ் குட்டையாகவும் விறைப்பாகவும் இருப்பதால், செல்கள் ஒரு பரப்பில் ஒட்டி அமர்ந்திருக்கும்போதுதான் அந்தப் பிளாஸ்மிட் தாராளமாகக் கைமாறும். ஏடு இத்தகையவற்றுக்கு வாய்ப்பான இடம் என்று கருதுவது அதனால்தான்.

ஆனால் இணைந்த ஜோடியைப் பிரிப்பது எளிது. பாரிஸில் பாஸ்டர் ஆய்வகத்தில் வோல்மனும் ஜேக்கபும் 1950-களில் இணைந்துகொண்டிருந்த ஈ.கோலை செல்களைச் சமையலறை மிக்ஸியில் அடித்தே பிரித்தார்கள். ஆகவே நீங்கள் சொல்லும் அசைவற்ற காலை நேரத்து ஏட்டையும், கலங்கலில் விழுந்து சிதறும் நீரையும் ஒன்றாக எண்ண வேண்டாம்.

காவிரிக்கரையான்:
பிளாஸ்மிட் மட்டுமே வழி அன்று என்பதையும் சேர்க்க வேண்டும். பரப்பில் வெயிலின் புற ஊதாக் கதிர் நேராகப் படுவதால் டி.என்.ஏ. சேதமடைகிறது, அந்த நெருக்கடியில், பாக்டீரியாவின் மரபுத்தொகுதிக்குள் உறங்கிக்கிடக்கும் பாக்டீரியாபேஜ் வைரஸ் விழித்துப் பெருகி வெளியேறும்போது, சில வேளைகளில் அந்தப் பாக்டீரியாவின் மரபணுவையும் சுமந்துகொண்டு அடுத்த செல்லுக்குப் போகிறது. மடிந்த செல்கள் சிந்தும் டி.என்.ஏ.வை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் இனங்களும் உண்டு.

வர்த்தூர்வாசி:
இருவருக்கும் நன்றி. நுரை காற்றில் பறந்து சாலையில் விழுகிறதே, அதோடு இவையும் வருமா?

நுண்ணோக்கி:
வரும். குமிழி நீரினூடே மேலேறும்போதே பாக்டீரியாக்களைத் தன்மீது ஒட்டிக்கொண்டு வருகிறது. வெடிக்கும்போது மேலே தெறிக்கும் துளிகளில் அவற்றின் செறிவு அடிநீரில் இருப்பதைவிடப் பல மடங்கு உயர்வதை 1970-இல் பிளான்சர்டும் சிஸ்டெக்கும் காட்டினார்கள். அதற்காக அந்த நுரையே ஊருக்குள் தொற்றைப் பரப்புகிறது என்று முடிவு கட்டுவது அவசரம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இங்கேதான் பதில். ஏட்டில் எதிர்ப்பு மரபணுக்கள் மிகுந்திருந்தால், அவை அங்கேயே கைமாறின என்று பொருளாகாது. வீட்டுக் கழிவிலும் மருத்துவமனைக் கழிவிலும் ஏற்கெனவே அவற்றைத் தாங்கி வந்த பாக்டீரியாக்கள் மிதந்து மேலே திரண்டிருக்கலாம். சங்கக் கூட்டத்தில் பேசியவர் இந்த இரண்டையும் குழப்பிவிட்டார் என்பது என் கருத்து.

பிரித்தறிய, கண்ணாடித் தகட்டைச் செங்குத்தாக நீரில் அமிழ்த்தி மெல்ல உயர்த்தி, அதில் ஒட்டியதை ரப்பர் வைப்பரால் குப்பியில் வழித்தெடுப்பார்கள். அதே இடத்தில் சற்று ஆழத்திலிருந்து இன்னொரு குப்பி நீரும் எடுப்பார்கள். இரண்டிலும், ஒரு மருந்தைத் தாங்கும் மரபணு உள்ள பிளாஸ்மிட் கொண்ட ஆய்வக இனத்தையும், வேறொரு மருந்தைத் தாங்கும் இனத்தையும் கலந்து, அசைக்காமல் வைத்துவிட்டு, இரு மருந்துகளும் சேர்ந்த அகார் தட்டில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்த் தட்டு) பரப்பினால், பிளாஸ்மிட்டைப் பெற்றுக்கொண்ட செல்கள் மட்டுமே வளரும். இரண்டு இனங்களையும் தனித்தனியாக அதே தட்டில் பரப்பி, எதுவும் முளைக்கவில்லை என்று உறுதி செய்யாவிட்டால் அந்த எண்ணிக்கையை நம்ப முடியாது. ஏரிநீரிலேயே இரு மருந்துகளையும் தாங்கும் பாக்டீரியாக்கள் இருக்கக்கூடும் என்பதால், எதுவும் கலக்காத நீரையும் ஒரு தட்டில் பரப்பிப் பார்க்க வேண்டும்.