நிலைக்கால் அடியில் பொத்தல்: கரையானா, ஈரத்தில் இற்றதா?

காவிரிக்கரை:
கும்பகோணத்தில் எங்கள் பழைய ஓட்டு வீடு. கொல்லைப்பக்க நிலைக்காலின் அடியில் அரை அடி உயரத்துக்கு மரம் பழுப்பாகி, விரலால் அழுத்தினாலே உள்ளே போகிறது. பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய். பூச்சிமருந்து அடிப்பவர் கரையான் என்கிறார், தச்சரோ ஈரத்தில் இற்றது, மருந்து வீண் என்கிறார். நாமே எப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

தேக்குமரம்:
சகோ, ஒரு சின்ன உளியைச் செருகி ஒரு சிம்பைப் பெயர்த்துப் பாருங்கள். கரையான் என்றால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே நீளநீளமாகக் குடைந்து, மெத்தென்ற பகுதியைத் தின்றுவிட்டுக் கெட்டியான வரிகளை ஏடு ஏடாக விட்டிருக்கும், இடுக்கெல்லாம் மண் அப்பியிருக்கும். மேலே பெயின்ட் ஒன்றுமே ஆகாத மாதிரி நிற்கும், தட்டினால்தான் பொள்ளென்று கேட்கும். பூஞ்சையில் இற்ற மரத்தில் மண் இருக்காது. காய்ந்ததும் நெடுக்கிலும் குறுக்கிலும் வெடித்துச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிளக்கும், ஒன்றை எடுத்துக் கசக்கினால் பழுப்புத் தூள். இப்போது நனைந்திருந்தால் வெடிப்பு தெரியாது, சிம்பை வெயிலில் காயவைத்துப் பாருங்கள்.

வடகரை:
குண்டூசித் துளையும் அதன் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் அது ரெண்டுமே இல்லை, மரவண்டு. அப்புறம், டிரை ராட் என்று வெளிநாட்டு வீடியோக்களில் பயமுறுத்துகிறார்களே, அந்த செர்புலா பூஞ்சை குளிர்நாட்டுச் சரக்கு, 20 டிகிரி பக்கம்தான் நன்றாக வளரும். தஞ்சாவூர் வெயிலில் அந்தப் பயம் வேண்டாம். இங்கே மரத்தை இற்றுப்போக வைப்பது வேறு பூஞ்சைகள்.

காவிரிக்கரை:
காயவைத்துப் பார்த்தேன் அண்ணா, கட்டம் கட்டமாகத்தான் வெடித்திருக்கிறது. ஆனால் சுவரை ஒட்டிய பின்பக்கத்தில் பென்சில் தடிமனுக்கு ஒரு மண் கோடு மேலே ஏறுகிறது. பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை.

தேக்குமரம்:
அப்போ ரெண்டுமே இருக்கிறது. ஈரத்தில் இற்ற மரம் கரையானுக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த மண் கோட்டை நடுவில் கொஞ்சம் உடைத்துவிட்டு ரெண்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள், திரும்ப அடைத்திருந்தால் உள்ளே நடமாட்டம் இருக்கிறது. அடைக்காவிட்டாலும் போய்விட்டது என்று நம்பிவிடாதீர்கள், வேறு வழி போட்டிருக்கலாம். எதற்கும் முன்னால் குழாய்க் கசிவை நிறுத்துங்கள். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் இற்றுப்போக வைக்கும் பூஞ்சை வளராது, ஈரம் நிற்காமல் நீங்கள் என்ன செலவு செய்தாலும் தண்டம்தான். மருந்தை மரத்தின் மேல் மட்டும் பீய்ச்சிவிட்டுப் போக விடாதீர்கள், கூடு மண்ணுக்குள் இருக்கிறது. தரையும் சுவரும் சேரும் இடத்தில் அடிக்கு ஒரு துளை போட்டு மண்ணுக்குள் இறக்கச் சொல்லுங்கள். கொல்லையில் கிணறு இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், மருந்து தண்ணீரில் கலந்தால் ஆபத்து.

வடகரை:
நிலையை முழுசாக மாற்ற வேண்டியதில்லை. இற்ற பாகத்தோடு நல்ல மரத்திலும் கொஞ்சம் சேர்த்து அறுத்துவிட்டு, வைரம் பாய்ந்த தேக்கில் ஒட்டு போடலாம். வெளிறிய ஓரக்கட்டையைத் தேக்கு என்று தலையில் கட்டுவார்கள், அதையும் கரையான் தின்னும். அடியில் கருங்கல் துண்டு வைத்து அதன்மேல் மரத்தை நிறுத்தச் சொல்லுங்கள், தரை ஈரம் ஏறாது.